இடப்பக்கம் யாருமில்லை

காலை மணி 6.48. ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டின் வாசலில் முதலில் கண்ணில் பட்டது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மாணவர்கள் இங்கே காத்திருக்கவும் என்று மலாயில் எழுதிய ஒரு தாள் அதன் முதுகில் ஒட்டியிருந்தது. நாங்கள் பன்னிரண்டு பேர். நாற்காலி ஒன்று. யாரும் உட்காரவில்லை.

தரையில் ஒட்டிய மஞ்சள் நாடாக்களின் மேல் ஆளுக்கு ஓரிடமாக நின்றோம். முந்தின நாள் மூக்கில் குச்சி விட்டு எடுத்த பரிசோதனையின் முடிவு எல்லோருடைய கைப்பேசியிலும் தயாராக இருந்தது. யாரும் கேட்கவில்லை. ஒரு தாதி வெளியே வந்து தலைகளை எண்ணினார். "எல்லாம் வந்தாச்சா? சரி, உள்ள வாங்க. ஒண்ணையும் தொடாதீங்க" என்று தமிழில் சொன்னார்.

நோய்த்தொற்று தொடங்கியதும் மருத்துவமனைகள் பயிற்சித் தாதியரை வீட்டுக்கு அனுப்பிவிட்டன. இரண்டாம் ஆண்டுப் படிப்பின் பெரும்பகுதியை நான் சுங்கை பினாங்கில், அடுக்குமாடி வீட்டின் ஒன்பதாவது மாடியில் படித்தேன். என் நோயாளி ஒரு நீளத் தலையணை. அதற்கு என் பழைய பள்ளிச் சட்டையை மாட்டி, வயிற்றில் உதட்டுச் சாயத்தால் ஒரு காயம் வரைந்திருந்தேன். கருவிகள் இரண்டு: சமையலறை இடுக்கி, புருவம் திருத்தும் இடுக்கி. மருந்துக் கிண்ணங்களுக்குப் பதில் அகர்-அகர் ஜெல்லி ஊற்றும் அச்சுகள். தட்டில் கிருமி இல்லை என்று நாங்கள் சொன்னால் இல்லை.

பயிற்றுநர் காணொளியில் பார்த்து மதிப்பெண் போட்டார். அவரால் பார்க்க முடிந்தது கைப்பேசிக்குத் தெரிந்ததை மட்டும்தான். அதனால் ஒரு விதி வந்தது: காட்டாதது செய்யாதது. கையைக் கழுவினால் உள்ளங்கை, புறங்கை இரண்டையும் காட்ட வேண்டும். மருந்துப் புட்டியில் காலாவதி தேதியைக் காட்ட வேண்டும். இடுக்கியில் எடுத்த ஈரப் பஞ்சுத்துணியைத் தூக்கிக் காட்டி, அவர் தலையசைத்த பிறகே காயத்தில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஜன்னல் வலப்பக்கம். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும் என்பதால் கைப்பேசியை இடப்பக்கம், சோறு வேகும் குக்கரில் சாய்த்து வைப்பேன். பல மாதங்கள் எல்லாவற்றையும் இடப்பக்கம் தூக்கிக் காட்டினேன். நல்ல மதிப்பெண்கள் வந்தன.

வார்டுக்குத் திரும்பிய முதல் வாரத்தில்தான் அது தெரிந்தது. என்னோடு ஜோடியாக வேலை பார்த்தவள் தைப்பிங் ஊரிலிருந்து வந்த மாணவி; அந்தத் தைப்பிங்காரி ஒரு நோயாளியின் காய்ச்சலைப் பார்த்துவிட்டு வெப்பமானியை வலப்பக்கம் தூக்கி, இரண்டு வினாடி அப்படியே பிடித்தாள். அவள் வீட்டில் ஜன்னல் எங்கே இருந்திருக்கும் என்று எனக்கு உடனே புரிந்தது. பன்னிரண்டு பேரும் செய்தோம். சிலர் வலம், சிலர் இடம். ஒருத்தி மட்டும் நேராக மேலே. அவள் கைப்பேசியை அலமாரியின் உச்சியில் கட்டி வைத்திருந்தவள்.

எங்களை உள்ளே அழைத்துப் போன அந்தத் தாதியை அக்கா என்றே கூப்பிட்டோம். வார்டில் பதினோரு வருட அனுபவம் உள்ளவர். மூன்றாவது நாள் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"ஏம்மா, அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல அக்கா."

"பின்ன யாருக்குக் காட்டுறே? தீபாராதனை மாரி தூக்குறே, நிக்கிறே, எறக்குறே. மணி மட்டும்தான் அடிக்கல."

அன்று மாலைக்குள் எங்கள் பெயர் பூசாரி பேட்ச். மலாய்த் தாதியர் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு அவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள்.

சிரித்துக் கடந்துவிடக்கூடிய விஷயமாகத்தான் இருந்தது, டிரெஸ்ஸிங் மதிப்பீடு வரும் வரை. திறந்த காயத்தைச் சுத்தம் செய்து கட்டும் அந்த வேலையை உண்மையான நோயாளியிடம், வார்டு சிஸ்டரின் கண் முன்னால் செய்து தேற வேண்டும். அதில் தேறினால்தான் இறுதித் தேர்வுப் பட்டியலில் எண் வரும். வாய்ப்பு இரண்டு. இரண்டிலும் தவறினால் அடுத்த அணியோடு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தில் மருத்துவமனைகள் மாணவர்களை மீண்டும் வீட்டுக்கு அனுப்பமாட்டா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. என் அம்மா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் இருந்தார். நான் எப்போது முடிப்பேன் என்று கேட்பதை நிறுத்தியிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தாலே பரவாயில்லை.

சிஸ்டர் எனக்குக் கொடுத்த நோயாளி டத்தோ கிராமாட்டைச் சேர்ந்த லாரி ஓட்டுநர். வயது ஐம்பத்தெட்டு. நீரிழிவு. வலது குதிகாலின் அடியில் புண். வலியைப் பற்றி அவர் பேசியதே இல்லை. மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசுவார். தாதி என்றால் அவருக்கு மிஸி.

"இருபத்திரெண்டு வருஷம் தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்த காலு, மிஸி. வெறுங்காலு. அப்பல்லாம் ஒண்ணும் ஆவல. வூட்டு பாத்ரூம்ல ஒரு ஆணி. எப்படி இருக்கு பாருங்க கதை."

காலை 8.20க்குத் தொடங்கினேன். கையைக் கழுவினேன், பொதியைப் பிரித்தேன், பழைய கட்டை நனைத்து எடுத்தேன். சிஸ்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்று கட்டம் கட்டமாகக் குறித்துக்கொண்டே வந்தார். புண்ணைச் சுத்தம் செய்தேன். இடுக்கியில் புதிய ஈரத்துணியை எடுத்தேன். என் கை இடப்பக்கம் உயர்ந்தது. முகக்கவசத்தின் உயரத்துக்குப் போய் இரண்டு வினாடி நின்றது. இடப்பக்கம் நீலக் கோடு போட்ட திரைச்சீலை. இடுக்கியின் முனை அதில் பட்டது. துணியிலிருந்து ஒரு சொட்டு வழிந்து இடுக்கியின் கைப்பிடிக்கு வந்தது.

"சுடா. பெர்ஹெந்தி" என்றார் சிஸ்டர். போதும், நிறுத்து. குரலில் கோபம் இல்லை. கிருமி நீக்கிய கருவி திரையைத் தொட்டால் அது கிருமி நீக்கிய கருவி அல்ல. அவர் படிவத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார். மீதி வேலையை அக்கா வந்து முடித்தார்.

லாரிக்காரர் திரைச்சீலையை எட்டிப் பார்த்தார். "யாருக்கு மிஸி காட்டினே? அங்க யாரும் இல்லியே."

இரண்டாவது வாய்ப்பு எட்டு நாள் கழித்து. அதற்குள் கையைத் திருத்த வேண்டும். தைப்பிங்காரி என் இடது தோளில் ஒரு சிவப்பு வில்லையை ஒட்டினாள், அதைப் பார்த்தால் நினைவு வரும் என்று. நான் வில்லையைப் பார்த்தேன், கையையும் தூக்கினேன். முழங்கையை உடம்போடு சேர்த்துக் கட்டிப் பார்த்தேன். கட்டை அவிழ்த்ததும் கை மறுபடி அங்கேயே போனது. வீட்டில் அம்மாவுக்குச் சாம்பார் ஊற்றும்போது கரண்டி இடப்பக்கம் உயர்ந்து நின்றது.

அம்மா தட்டிலிருந்து நிமிர்ந்தார். "அந்த ரைஸ் குக்கருக்கும் பசிக்குதா?"

நான்காவது நாள். லாரிக்காரரின் கட்டை மாற்ற அக்காவுக்கு உதவியாக நின்றேன். அவர் திடீரென்று சொன்னார்: "நீங்க எல்லாரும் பாக்குறீங்க. டாக்டர் பாக்குறாரு, சிஸ்டர் பாக்குறாங்க, கூட்டுற ஆளு கூட பாக்குறான். என் காலு, நான் ஒரு நாளும் பாக்கல."

உண்மைதான். காலை மடக்க முடியாமல் படுத்திருப்பவர் தன் குதிகாலின் அடிப்பகுதியைப் பார்க்க முடியாது. வார்டில் படம் எடுக்கத் தடை. வந்து பார்த்துச் சொல்ல உறவினருக்கும் அனுமதி இல்லாத காலம்.

"பாத்து என்ன செய்யப் போறீங்க, ஃபிரேம் போட்டு மாட்டவா?" என்றார் அக்கா.

"போட்டாலும் போடுவேன். என் காலுதானே."

தாதியர் கல்லூரிக்கு வருமுன் ஓராண்டு ஒரு நாளிதழில் பிழை திருத்தினேன். அங்கே 'பெரிய தீ' என்று வந்தால் எத்தனை வீடு என்று கேட்பார்கள். 'கூட்டம் அலைமோதியது' என்றால் அடித்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில், குனிந்து பார்த்து, பார்த்ததைச் சொன்னேன்.

"வட்டமா இல்ல அங்கிள். கொய்யா இலை மாதிரி, கொஞ்சம் நீளம். நடுவுல சிவப்பு. உங்க சுண்டுவிரல் பக்கம் ஓரத்துல தோலு ஊறி வெள்ளையா இருக்கு."

"சிவப்பு நல்லதா, கெட்டதா?"

"நல்லது. சதை வளருது."

"அன்னிக்கி டாக்டரு மஞ்சள்னு ஏதோ சொன்னாரே?"

"இருக்கு. கடலைப் பருப்பு அளவு. ஒண்ணுதான்."

அவர் தலையணையில் சாய்ந்தார். "இத்தனை நாளா யாராச்சும் இப்படிச் சொன்னாங்களா?" என்று பொதுவாக வார்டைப் பார்த்துக் கேட்டார்.

மறுநாளும் கேட்டார். அதற்கடுத்த நாள் நான் கையுறை போடுமுன்பே, "செய்தி ஆரம்பிக்கலாமா?" என்றார். பக்கத்துக் கட்டிலில் குடலிறக்கத்துக்கு அறுவை செய்திருந்தவர், "அண்ணே, உங்க காலுக்கு ஃபுட்பால் கமெண்ட்ரி போடுறாங்களா? எனக்கும் ஒண்ணு போடச் சொல்லுங்களேன்" என்று கத்தினார். நான் சொல்லிக்கொண்டே வேலை செய்தேன். வெள்ளை ஓரம் குறைந்திருந்தது. பருப்பு பாதிப் பருப்பாகியிருந்தது. ஈரத்துணியை எடுத்து வைத்தேன், சில்லென்று இருக்கும் என்றேன், காய்ந்த துணியை அதன் மேல் போட்டேன்.

அக்கா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னடி, இன்னிக்கி தீபாராதனை இல்ல?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. காயத்தைச் சொல்ல வேண்டுமானால் கண் காயத்தை விட்டு நகர முடியாது. கண் நகராத இடத்திலிருந்து கையும் போகவில்லை. அவ்வளவுதான். அன்று பகல் தைப்பிங்காரிக்குச் சொன்னேன். அவள் மலாய்க்கார நோயாளி ஒருவரிடம் முயன்றாள். மாலையில் வந்து, "வேலை செய்யுது லா!" என்று என் தோளில் குத்தினாள். மற்றவர்களுக்கும் சொன்னோம்.

எட்டாம் நாள் காலை 7.05. ஆண்கள் வார்டின் கதவில் சிவப்பு வெள்ளை நாடா குறுக்காக ஒட்டியிருந்தது. இரவு ஒரு நோயாளிக்குத் தொற்று உறுதியாகிவிட்டது. உள்ளே யாரும் போகக்கூடாது, உள்ளே இருப்பவர் வெளியே வரக்கூடாது. நான் நாடாவின் இந்தப் பக்கம் நின்றேன். என் நோயாளி அந்தப் பக்கம். பயிற்றுநருக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. தைப்பிங்காரி என் பையை வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

7.40க்குச் சிஸ்டர் படிக்கட்டில் இறங்கி வந்தார். பத்து மணிக்கு, மேல் மாடியில் உள்ள பெண்கள் வார்டில், வேறு நோயாளி என்றார். முடியுமா என்று கேட்கவில்லை.

நோயாளி எழுபத்தொரு வயதுச் சீனப் பெண்மணி. குடல் அறுவை. வயிற்றின் நடுவே ஒன்பது தையல். அவருக்கு மலாய் சில சொற்கள்தான் தெரியும், ஆங்கிலம் தெரியாது, தமிழ் தெரிய வாய்ப்பே இல்லை. பேசுவது ஹொக்கியன். எனக்குத் தெரிந்த ஹொக்கியன் பாசாரில் காய் வாங்கிக் கற்றது: எண்கள், மீன்கள், காய்கறிகள், குடிக்கும் தண்ணீர் வகைகள், 'மெதுவாக', 'வலிக்குதா', 'அழகு'. காயத்தைச் சொல்ல இவை போதுமா என்று கையைக் கழுவியபடியே கணக்குப் போட்டேன். போதாது. ஆனால் வேறு இல்லை.

இடப்பக்கம் ஜன்னல். திறந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேன், பிறகு பார்க்கவில்லை.

பழைய கட்டை எடுத்ததும் சொன்னேன்: ஒன்பது. அந்தப் பெண்மணி முகக்கவசத்துக்கு மேலே கண்களை அகலத் திறந்தார். ஒன்பது என்ன என்பதுபோல் பார்த்தார். ஒன்று, இரண்டு என்று மேலிருந்து எண்ணினேன். புரிந்துவிட்டது. தலையை ஆட்டினார். எட்டு அழகு என்றேன். ஒன்று தண்ணீர் என்றேன்.

எது என்று கேட்டார். மேலிருந்து ஆறு. தண்ணீர் என்ன நிறம் என்று, வெள்ளைப் போர்வையைத் தொட்டுக் காட்டிக் கேட்டார். இந்தக் கேள்விக்கு என்னிடம் சொல் இல்லை. இடுக்கியில் ஈரத்துணி இருந்தது. சீழாக இருந்தால் மஞ்சளாக, கெட்டியாக இருக்கும். இது அப்படி இல்லை. வெளிறியது, மெல்லியது. யோசித்து, பார்லித் தண்ணீர் என்றேன். கரும்புச் சாறு இல்லை, பார்லித் தண்ணீர்.

அவர் சிரித்தார். வயிறு குலுங்கியது. மெதுவாக, மெதுவாக என்றேன். அதற்கும் சிரித்தார். சிஸ்டர் கிட்டே வந்து குனிந்து ஆறாவது தையலைப் பார்த்தார். நோயாளி அவரிடம் ஹொக்கியனில் நீளமாக ஏதோ சொன்னார். என் காதில் விழுந்தவை பார்லித் தண்ணீர் என்பதும், எலுமிச்சை என்பதும், ஐஸ் என்பதும் மட்டுமே. சிஸ்டரின் தோள்கள் குலுங்கின. பல வாரங்களாக அவரைப் பார்த்து வந்திருக்கிறேன். அவர் சிரித்து நான் கண்டது அப்போதுதான், அதுவும் தோள்களில்.

குனிந்து பார்த்தால் ஈரத்துணி ஏற்கெனவே ஆறாவது தையலின் மேல் இருந்தது. நேராக, மடிப்பில்லாமல். இடுக்கியின் முனை கீழ்நோக்கி இருந்தது. மீதி மூன்று நிமிட வேலை.

கையுறையைக் கழற்றிய பின் சிஸ்டர் மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். போன தடவை ஏன் தவறியது என்று தெரியுமா? தெரியும் என்றேன். வீட்டில் கைப்பேசி வைத்திருந்த இடத்தையும் குக்கரையும் சொன்னேன். அவர் பேனாவை எடுத்தார். பிறகு 10.34 என்று நேரம் எழுதிக் கையெழுத்திட்டார். நோயாளியிடம் பேசும் முறைக்கான கட்டத்தில் முழு மதிப்பெண் இருந்தது. தையலில் கசிவு என்று மருத்துவருக்குக் குறிப்பு எழுதச் சொன்னார். "அதில் பார்லித் தண்ணீர் என்று எழுதிவிடாதே" என்று சேர்த்துக்கொண்டார்.

படிக்கட்டில் தைப்பிங்காரி என் பையை இன்னும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லுடி!"

கட்டைவிரலைத் தூக்கினேன். அவள் போட்ட கூச்சல் மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். கீழேயிருந்து காவலாளி, "ஹோய், இது ஹாஸ்பிட்டல்!" என்றார். "தெரியும் அங்கிள், நாங்க மிஸி!" என்று அவள் திருப்பிக் கத்தினாள். கட்டிப்பிடிக்க அனுமதி இல்லாததால் முழங்கையால் மூன்று முறை இடித்துக்கொண்டோம். மூன்றாவது இடி வலித்தது. உணவகத்தில் உட்கார முடியாது என்பதால் மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில், ஒரு மீட்டர் இடைவெளி விட்டு நின்று, நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். மிளகாய்ச் சம்பல் அளவுக்கு மேல் இனித்தது. அன்று எதுவும் குறையாகத் தெரியவில்லை. அம்மாவுக்கு ஒரே சொல்லில் செய்தி அனுப்பினேன். ஷிப்டில் கைப்பேசியைத் தொடக்கூடாத அவர் நாற்பது வினாடியில் பதில் போட்டார்: எமோஜியில் எட்டுக் கைகள், எல்லாம் தட்டியபடி.

ஆண்கள் வார்டு திறக்கப் பல நாட்கள் ஆயின. லாரிக்காரருக்குத் தொற்று இல்லை. ஒரு பிற்பகல் கீழ்த்தளத்தில் மின்தூக்கி திறந்தது. அவர் சக்கர நாற்காலியில், வலது கால் கட்டோடு, மடியில் துணிப்பையோடு இருந்தார். அக்கா தள்ளிக்கொண்டு வந்தார். மகன் வாசலில் காரோடு நிற்பதாகச் சொன்னார்.

"மிஸி! பாஸா, ஃபெயிலா?"

"பாஸ், அங்கிள்."

"அப்ப எனக்கு ஒரு கடைசிச் செய்தி சொல்லு. வூட்ல கேப்பாங்க, நான் என்ன சொல்றது?"

கட்டை அவிழ்க்க முடியாது என்றேன். அக்கா காலையில்தான் மாற்றியிருந்தார். நாற்காலியை நிறுத்திவிட்டு அவரே சொன்னார்: "மஞ்சள் இல்லண்ணே. வெள்ளையும் இல்ல. முழுசும் சிவப்பு. இலை சின்னதாயிருச்சு, வேப்பிலை அளவு."

அவர் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு அக்காவை நிமிர்ந்து பார்த்து, "நீங்களும் பாஸ்" என்றார்.

மதிப்பீடுகள் மேலும் இரண்டு வாரம் நடந்தன. முதல் வாய்ப்பில் தவறியவர்கள் என்னைச் சேர்த்து ஐந்து பேர். கைப்பேசியை அலமாரியின் உச்சியில் கட்டியிருந்தவள் கடைசியாகப் போனாள். வார்டு முழுக்கக் கேட்கும்படி ஒரு முழங்கைக் காயத்தை மலாயில் வருணித்தாள் என்று அக்கா சொன்னார். நோயாளி தூங்கிவிட்டாராம்.

மாதக் கடைசியில், ஒரு திங்கட்கிழமை காலை 9.10க்கு, கல்லூரி அலுவலகத்தின் கண்ணாடிக் கதவில் இறுதித் தேர்வுப் பட்டியலை ஒட்டினார்கள். அதில் பன்னிரண்டு எண்கள் இருந்தன.